44 லேயர் சோப்பு

உங்க ஃபோனைத் திருப்பி, பின்பக்க கேமரா லென்ஸை வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. லேசா ஊதா அடிக்கும், இல்லன்னா பச்சை. மூக்குக் கண்ணாடி போடுறவங்க அதைக் கழற்றிப் பார்த்தாலும் போதும். கடைக்காரர் 'ஏ.ஆர். கோட்டிங்' என்று சொல்லி கூடக் கொஞ்சம் காசு வாங்கியிருப்பாரே, அதோட நிறம் அது. ஒரு வைரஸை விட மெல்லிசான லேயர் ஒன்று கண்ணாடி மேல உட்கார்ந்து, உள்ளே போக வேண்டிய வெளிச்சம் திரும்பி ஓடாம பார்த்துக்குது.

இந்த மாதிரி லேயரை எண்ணி எண்ணி அடுக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் காதரின் பர் பிளாட்ஜெட். மெட்டீரியல்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு 'லாங்மியூர்-பிளாட்ஜெட் ஃபிலிம்' என்ற பேர் தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது பேரு ஒரு பெண்ணோடது என்று தெரியாமலே பல பேர் பரீட்சை எழுதிட்டுப் போயிருப்பாங்க.

அவர் பிறந்தது 1898 ஜனவரி 10. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியால வளர்ந்த ஊர் அது. அப்பா ஜார்ஜ் பிளாட்ஜெட் அந்தக் கம்பெனியின் பேட்டன்ட் பிரிவுக்குத் தலைவர். காதரின் பிறக்கிறதுக்குச் சில வாரம் முன்னாடி வீட்டுக்குள்ள திருடன் புகுந்தான். துப்பாக்கிச் சூட்டில் அப்பா இறந்துபோனார். அப்பாவோட முகத்தையே பார்க்காத குழந்தை. அம்மா, ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நியூயார்க் நகரத்துக்குப் போனார், அப்புறம் சில வருஷம் பிரான்ஸ். பணக் கஷ்டம் இல்லை. ஆனா அந்தக் காலத்தில் கணவனை இழந்த ஒரு பெண் பெண்பிள்ளையைப் படிக்க வைக்க இவ்வளவு அலைஞ்சது சாதாரண விஷயம் கிடையாது.

15 வயசில் உதவித்தொகையோட பிரின் மார் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கான கல்லூரி அது. அங்கே கணக்குப் பேராசிரியர் சார்லட் ஸ்காட், இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் பார்ன்ஸ், ரெண்டு பேரும் அவரை இழுத்துப் பிடிச்சாங்க. கடைசி வருஷத்தில், 1916 கிறிஸ்துமஸ் லீவுக்கு, ஸ்கெனெக்டடி போனார். அப்பாவோட பழைய ஆபீஸ் நண்பர்கள் கம்பெனியைச் சுற்றிக் காட்டினாங்க. நம்ம ஊர்ல 'இன்டஸ்ட்ரியல் விசிட்' போறோமே, அதே மாதிரிதான். நாம பஸ்ல பாட்டு போட்டுட்டுப் போவோம், வருவோம். அவருக்கு அந்த ஒரு விசிட்டே வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. ஆய்வகத்தில் அவருக்குச் சுற்றிக் காட்டியவர் இர்விங் லாங்மியூர். பல்புக்குள்ள வாயு நிரப்பினா டங்ஸ்டன் இழை அதிக நாள் தாங்கும் என்று கண்டுபிடிச்ச மனிதர். இன்னும் மேலே படிச்சுட்டு வாம்மா என்கிற மாதிரி புத்தி சொல்லி அனுப்பினார்.

காதரின் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். முதல் உலகப் போரில் விஷவாயு ஓடிக்கிட்டிருந்த நேரம். வாயு முகமூடிக்குள்ள இருக்கிற கரி எப்படி விஷத்தைப் பிடிச்சு வைக்குது என்பதுதான் அவரது முதுகலை ஆராய்ச்சி. கவனிச்சுக்கோங்க, அப்பவே விஷயம் 'பரப்பு'தான். ஒரு திடப்பொருளின் மேல்தோலில் மூலக்கூறுகள் எப்படி ஒட்டுது என்ற கேள்வியை விட்டு அவர் கடைசி வரைக்கும் ரொம்ப தூரம் போகவே இல்லை.

1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வேலை. அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்த முதல் பெண் அவர்தான். வயசு 20. உங்களையும் என்னையும் விடச் சின்ன வயசு. லாங்மியூருக்கு உதவியாளர். ஆறு வருஷம் அப்படியே போச்சு. முனைவர் பட்டம் இல்லாம மேலே ஏற முடியாது என்று தெரிஞ்சதும், லாங்மியூரே பேசி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் கேவன்டிஷ் ஆய்வகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். அப்போ அங்கே தலைவர் ரூதர்ஃபோர்டு. ஆமா, பத்தாம் வகுப்பிலிருந்து நம்மள விடாத அதே தங்கத் தகடு ரூதர்ஃபோர்டு. பாதரச ஆவிக்குள்ள எலெக்ட்ரான் எப்படி நடந்துக்குது என்று ஆராய்ந்து 1926இல் பட்டம் வாங்கினார். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களை முழு உறுப்பினரா ஏத்துக்கிட்டது 1948இல்தான். அதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

திரும்பி ஸ்கெனெக்டடி. கதை சூடு பிடிக்கிறது இங்கேதான்.

தண்ணி மேல ஒரு சொட்டு எண்ணெய் விட்டா பரவும், இது அடுக்களையில எல்லாரும் பார்த்தது. எவ்வளவு தூரம் பரவும்? ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் வர்ற வரைக்கும். லாங்மியூர் 1917இல் இதைத் தெளிவாக் காட்டியிருந்தார். (அவருக்கும் முன்னாடியே ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண் தன் வீட்டில் ஒரு சின்னத் தொட்டி செஞ்சு, தண்ணிப் பரப்பை அளந்து, 1891இல் 'நேச்சர்' இதழில் வரவெச்சார். கல்லூரிப் பக்கமே போக வழியில்லாதவர். அவரைப் பற்றித் தனியா ஒரு கட்டுரை வேணும், இந்த இதழ்ல யாராவது எழுதுங்க.)

காதரின் எடுத்துக்கிட்ட பொருள் ஸ்டியரிக் அமிலம். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சோப்பில் இருக்கு, மெழுகுவத்தியில் இருக்கு. 18 கார்பன் உள்ள ஒரு நீளமான மூலக்கூறு. ஒரு முனை தண்ணியை விரும்பும், அதைத் தலை என்று வச்சுக்கோங்க. மிச்சம் எல்லாம் தண்ணியைக் கண்டா ஓடுற வால். தண்ணி மேல விட்டா, தலை தண்ணிக்குள்ள, வால் காத்துல என்று எல்லாம் நெட்டுக்குத்தா நிற்கும், மாநகரப் பேருந்தில் காலை எட்டரை மணிக் கூட்டம் மாதிரி நெருக்கமா. தண்ணியில் பேரியம் உப்பு கொஞ்சம் கலந்தா, அது பேரியம் ஸ்டியரேட் ஆகி இன்னும் உறுதியா நிற்கும்.

இந்தப் படலம் வழியா ஒரு கண்ணாடித் துண்டைச் செங்குத்தா முக்கி எடுக்கிறார். படலம் கண்ணாடியில் ஒட்டிக்குது. திரும்ப முக்கினா, அதுக்கு மேல இன்னொரு லேயர். கீழே போகும்போது ஒன்று, மேலே வரும்போது ஒன்று. வாலோட வால், தலையோட தலை என்று சேர்ந்து செங்கல் அடுக்கின மாதிரி போகும். தண்ணியில் இருக்கிற படலம் ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்குப் போயிட்டா, மிச்சம் தளர்ந்துடுமே? அதுக்கு ஒரு வழி வச்சிருந்தார். மெழுகு தடவிய பட்டு நூலை வேலி மாதிரி தண்ணியில் மிதக்கவிட்டு, நூலுக்கு அந்தப் பக்கம் விளக்கெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய். எண்ணெய் பரவப் பார்த்துத் தள்ளிக்கிட்டே இருக்கும், நூல் நகரும், படலம் எப்பவும் அதே இறுக்கத்தில் இருக்கும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்சது இந்த எண்ணெய் பிஸ்டன்தான். இன்னைக்கு இதே வேலைக்கு நாம கன்ட்ரோலர் போர்டு தேடுவோம்.

இன்னொரு வேடிக்கை. முக்கி எடுத்த கண்ணாடி தண்ணியிலிருந்து காய்ஞ்சே வெளியே வரும். கடைசியா வெளியே நிற்கிறது வால்தானே, அதுல தண்ணி ஒட்டாது.

ஒரு லேயரோட தடிமன் சுமார் 2.4 நானோமீட்டர். கண்ணால பார்க்க முடியாது. ஆனா நூற்றுக்கணக்கில் அடுக்கினா நிறம் வரும். மழை நாளில் பெட்ரோல் பங்க் தரையில் வர்ற வானவில் நிறம் மாதிரி. மேல்பரப்பில் பட்டுத் திரும்புற ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்புற ஒளியும் சேர்ந்து சில நிறத்தை வளர்க்கும், சிலதை அழிக்கும். எந்த நிறம் என்பது தடிமனைப் பொறுத்தது. அவர் கையில் இருந்தது லேயரின் எண்ணிக்கை. ஆக, இத்தனை லேயருக்கு இந்த நிறம் என்று படிக்கட்டு மாதிரி ஒரு அளவுகோல் செஞ்சார். தடிமன் தெரியாத ஒரு படலத்தை அதுக்குப் பக்கத்துல வச்சு, நிறம் எங்கே பொருந்துது என்று பார்த்தா விடை கிடைக்கும். பெரிய கருவி இல்லாம, கண்ணை வச்சே நானோமீட்டர் அளவில் அளக்கிற முறை. 1935இல் இந்த அடுக்கும் முறையைப் பற்றி வந்த முக்கியக் கட்டுரையில் ஆசிரியர் பேரு ஒன்றே ஒன்றுதான், அவருடையது. லாங்மியூருக்கு 1932இல் நோபல் கிடைச்சிருந்தது, அதனால 'பெரியவரோட உதவியாளர்' என்று இவரைக் கடந்து போறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

அடுத்தது 1938. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழுகிற ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிடும். ஜன்னலுக்குப் பரவாயில்லை. ஆறு லென்ஸ் உள்ள கேமராவில் 12 பரப்பு, 0.96ஐ 12 தடவை பெருக்கிப் பாருங்க, சுமார் 0.61 வரும். ஒளியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் உள்ளே போகவே இல்லை. இதைத் தடுக்க வழி எல்லாருக்கும் தெரியும், குறைஞ்சது காகிதத்தில் தெரியும். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு படலம் போட்டா, ரெண்டு பரப்பிலிருந்தும் திரும்புற ஒளி ஒன்றையொன்று அழிச்சுக்கும். ஆனா முழுசா அழியணும்னா படலத்தின் ஒளிவிலகல் எண், கண்ணாடியின் எண்ணுக்கு வர்க்கமூலமா இருக்கணும். கண்ணாடிக்கு 1.5 என்றால் படலத்துக்கு 1.22. பேரியம் ஸ்டியரேட்டுக்கோ கிட்டத்தட்ட கண்ணாடி அளவு. அப்போ ஒன்னும் நடக்காதே?

அவர் என்ன பண்ணார் தெரியுமா? படலத்தில் பேரியம் ஸ்டியரேட்டும், மாறாத ஸ்டியரிக் அமிலமும் கலந்தே இருக்கும். பென்சீனில் முக்கினா அமிலம் மட்டும் கரைஞ்சு போயிடும். மிச்சம் இருப்பது எலும்புக்கூடு. தடிமன் அப்படியே இருக்கு, உள்ளே நிறைய வெற்றிடம், ஒளிவிலகல் எண் இறங்கிடுச்சு. ஸ்பாஞ்ச் கேக் மாதிரி நினைச்சுக்கோங்க. எவ்வளவு அமிலம் கலந்து ஆரம்பிக்கிறோம் என்பதை வச்சு எண்ணையும் சரிபண்ணிக்கலாம். 44 லேயர், மொத்தம் சுமார் 100 நானோமீட்டர். அந்தக் கண்ணாடி 99 சதவீதத்துக்கு மேல ஒளியை விட்டுக்கொடுத்தது. பத்திரிகைகள் அதுக்கு வச்ச பேரு 'கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி'.

சரி, சாதனை. ஆனா இங்கே ஒரு சிக்கல் இருக்கு. அந்தப் படலம் சோப்பு. விரலால தேய்ச்சாலே போயிடும்.

ஒரு இன்ஜினியரா யோசிச்சுப் பாருங்க. கண்ணாடி என்றால் தூசி படியும், கைரேகை விழும், துடைச்சே ஆகணும். துடைக்கவே முடியாத கண்ணாடியை யார்கிட்ட விப்பீங்க? ஏறக்குறைய அதே நாட்களில் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) கார்ட்ரைட், டர்னர் என்ற ரெண்டு பேர் வெற்றிடத்தில் ஃபுளோரைடு உப்பை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவெச்ச முறையை அறிவிச்சாங்க. ஜெர்மனியில் சைஸ் கம்பெனியில் ஸ்மகுலா 1935லேயே அந்த வகைப் படலத்துக்குப் பேட்டன்ட் எடுத்திருந்தார், ராணுவ ரகசியம் என்று அது வெளியே வரலை. கெட்டியான ஃபுளோரைடு ஜெயிச்சது. சோப்பு தோத்தது. உங்க ஃபோன் லென்ஸில் இருப்பதும் வெற்றிடத்தில் படியவெச்ச வகைதான், காதரினோட சோப்பு இல்லை. இதை மறைச்சு, எல்லா லென்ஸுக்கும் அவரே காரணம் என்று எழுதுற கட்டுரைகள் நிறைய இருக்கு. அவருக்கு அந்தப் பொய் தேவையில்லை என்பது என் கருத்து. அவர் செஞ்சது வேற, அதைவிட ஆழமானது. ஒரு பொருளை மூலக்கூறு மூலக்கூறா, எண்ணி, நினைச்ச தடிமனுக்குக் கட்ட முடியும் என்று காட்டினார். 'நானோடெக்னாலஜி' என்ற வார்த்தையே பிறக்காத காலம் அது.

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் ஆய்வகம் போர் வேலைக்குத் திரும்பியது. படைகளை மறைக்கிற புகைத்திரை, விமான இறக்கையில் ஐஸ் படியாம பண்றது என்று அவரும் அந்த வேலைகளில் இருந்தார். போருக்கு அப்புறம் அவர் செஞ்ச ஒரு வேலையை யாரும் பெருசா சொல்றதில்லை. ஈயம் கலந்த கண்ணாடியை ஹைட்ரஜனில் சூடாக்கினா, மேல்பரப்பில் இருக்கிற ஈய ஆக்சைடு மாறி, கண்ணாடியோட தோல் மட்டும் லேசா மின்சாரம் கடத்தும். 1951இல் இதை அளந்து வெளியிட்டார். பின்னாடி இருட்டில் பார்க்கிற நைட் விஷன் கருவிக்குள்ள வந்த மைக்ரோசேனல் பிளேட்டுக்கு இதே மாதிரி ஹைட்ரஜன் காட்டிய ஈயக் கண்ணாடிதான் அடிப்படை. அதே 1951இல் அமெரிக்க வேதியியல் கழகம் கார்வன் பதக்கம் கொடுத்தது. ஸ்கெனெக்டடி ஊரே ஜூன் 13ஐ காதரின் பிளாட்ஜெட் நாள் என்று கொண்டாடியது.

கல்யாணம் பண்ணிக்கலை. பிறந்த வீட்டைப் பார்த்த மாதிரி ஒரு வீடு வாங்கி அதிலேயே இருந்தார். ஊர் நாடகக் குழுவில் நடிச்சார், தோட்டம் போட்டார், ராத்திரியில் நட்சத்திரம் பார்த்தார். 1963இல் ஓய்வு. 1979 அக்டோபர் 12 அன்று அந்த வீட்டிலேயே காலமானார்.

இப்போ இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் காரணமா இருந்த விஷயத்துக்கு வர்றேன்.

தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிற கண்ணாடி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2001இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 'ஆக்டிவ்' என்ற பேரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடி மேல சுமார் 15 நானோமீட்டருக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. நம்ம வீட்டுச் சுவரில் அடிக்கிற வெள்ளை பெயின்ட்டில் இருக்கிற அதே பொருள். சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிர், சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ளது, பட்டதும் உள்ளே ஒரு எலெக்ட்ரான் எகிறும், அது இருந்த இடத்தில் ஒரு 'ஹோல்' உருவாகும். ரெண்டும் சேர்ந்து பரப்பில் இருக்கிற ஆக்சிஜனையும் ஈரத்தையும் தூண்டிவிட, அங்கே ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு மெதுவா எரிஞ்சு போயிடும், தீ இல்லாம. கூடவே அந்தப் பரப்பு தண்ணியை ரொம்ப விரும்ப ஆரம்பிச்சுடும். மழைத்துளி முத்தா நிற்காம விரிஞ்சு, அழுக்கை வழிச்சுக்கிட்டு இறங்கும். ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியில் தண்ணியைப் பிரிக்கிறதைக் காட்டினாங்க. தண்ணியை விரும்புற குணம் 1997இல் அங்கேயே வெளியானது.

இந்தக் கண்ணாடி நிஜமாவே வேலை செய்யுதா என்று எப்படிச் சோதிப்பீங்க? தெருத் தூசியை அள்ளிப் போட்டு அளக்க முடியாது, ஒவ்வொரு ஊருக்கும் தூசி வேற. எல்லா ஆய்வகத்திலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு 'அழுக்கு' வேணும். மெல்லிசா, சீரா பரவணும். தானா ஆவியாகக் கூடாது. ஒளியில் தானா சிதையக் கூடாது. ஜன்னலில் நிஜமா படிகிற கொழுப்புக்கு உறவா இருக்கணும்.

அதுக்கு ஆராய்ச்சியாளர்கள் வழக்கமா எடுத்துக்கிற பொருள் ஸ்டியரிக் அமிலம். ஆமா, அதே 18 கார்பன், அதே வால். கண்ணாடி மேல அதை ஒரு மெல்லிய படலமா பூசி, புற ஊதா விளக்கைப் போட்டு, அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் உச்சி எவ்வளவு வேகமா இறங்குது என்று பார்க்கிறாங்க. ஒரு மூலக்கூறு ஸ்டியரிக் அமிலம் 26 ஆக்சிஜன் மூலக்கூறோட சேர்ந்து, 18 கார்பன் டை ஆக்சைடாகவும் 18 தண்ணியாகவும் போயிடும். படலம் ரொம்பத் துல்லியமா வேணும், இத்தனை லேயர் என்று எண்ணிப் போடணும் என்றால், சில ஆய்வகங்களில் ஒரு தொட்டியில் தண்ணி ஊற்றி, ஸ்டியரிக் அமிலத்தைப் பரப்பி, டைட்டானியம் பூசிய கண்ணாடியை முக்கி எடுக்கிறாங்க. இப்போ வேலியை மோட்டார் தள்ளுது, பட்டு நூலும் எண்ணெயும் இல்லை. அந்தத் தொட்டிக்குப் பேரு லாங்மியூர்-பிளாட்ஜெட் தொட்டி.